ஜன்னல், வெளிச்சுவர் சுத்தம் செய்யும் சிறுதொழில்: சென்னையில் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவாக இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியவை இந்தப் பதில்கள். கோவைக்கும் மதுரைக்கும் பெரும்பாலானவை பொருந்தும். கடற்காற்றையும் உப்புத் தண்ணீரையும் பற்றிச் சொல்லும் இடங்களை மட்டும் உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் துடைக்க யாராவது பணம் கொடுப்பார்களா? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவே துடைத்துவிடுவாரே?

உட்புறத்தைத் துடைப்பார். வெளிப்புறம்தான் சிக்கல். பழைய வீடுகளில் மரக்கதவு போட்ட ஜன்னல். கிரில் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டால் எட்டிவிடும். இப்போது எங்கும் அலுமினியம் அல்லது யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னல். அதில் ஒரு பாதிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உள்ளே இருந்து தொடவே முடியாது. மூன்றாவது கதவாகக் கொசுவலை வேறு. பால்கனியின் கைப்பிடிக் கண்ணாடி, மாடிப்படி அருகே திறக்க முடியாதபடி பொருத்திய உயரமான கண்ணாடி, இவற்றையெல்லாம் கட்டும்போது யாரும் எப்படித் துடைப்பது என்று யோசித்திருக்க மாட்டார்கள். உங்கள் தொழில் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் வீடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வீடு ஆண்டுக்கு இரண்டு முறை அழைத்தால் பெரிது. நகைக்கடை, பல் மருத்துவமனை, கார் ஷோரூம், பேக்கரி போன்ற இடங்களுக்கு வாசல் கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் பொறுக்காது. வாரம் ஒருமுறை தேவைப்படும். வீடுகள் பெயரைக் கொடுக்கும், கடைகள் மாத வருமானத்தைக் கொடுக்கும்.

"இதற்காகவா படிக்க வைத்தோம்" என்று வீட்டில் கேட்கிறார்களே?

கேட்பார்கள். துடைப்பத்தைத் தொடுகிற வேலை என்றாலே அதைச் செய்பவர் யார் என்று முன்முடிவு எடுத்து வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. வாதாடிப் பயனில்லை. முதல் ஆறு மாதக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள். அதுவரை சீருடையும் அடையாள அட்டையும் போட்டுக்கொண்டு போங்கள்; வாடிக்கையாளர் வீட்டிலும் அது பேச்சின் தொனியை மாற்றும்.

தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

ஜன்னல் வேலைக்கு மட்டும் என்றால், ஏணியோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போதும். 10 அங்குலத்திலும் 14 அங்குலத்திலும் இரண்டு கண்ணாடி வைப்பர், மாற்று ரப்பர், நுரை பூசுவதற்குத் துணியுறை மாட்டிய டி வடிவக் கைப்பிடி, அகன்ற செவ்வக வாளி, ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணி, ஸ்லைடிங் தடத்தைத் தேய்க்கச் சிறு தூரிகை, நீட்டக்கூடிய கம்பு, ரப்பர் கையுறை, கண்ணாடி இழையால் ஆன ஏணி. அலுமினிய ஏணி மலிவுதான். ஆனால் நம் தெருக்களில் மின்கம்பி பால்கனியை உரசிக்கொண்டு போகிறது. உலோக ஏணியைத் தூக்கிக்கொண்டு அதன் அருகே திரும்பவே வேண்டாம்.

வைப்பரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற ஜன்னல் துடைப்பவர் 1938-இல் காப்புரிமை பெற்ற ஒற்றை ரப்பர் வைப்பரின் அமைப்பைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. அந்த வடிவத்தில் வேலை செய்வது கைப்பிடி அல்ல, ரப்பரின் கூரிய விளிம்பு. தரை துடைக்கும் பஞ்சு வைப்பரைக் கண்ணாடியில் இழுத்தால் கோடு கோடாகத்தான் வரும். ரப்பர் விளிம்பில் சிறு வெட்டு விழுந்தால் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் தேய்ந்தால் மாற்றுங்கள்.

பிரஷர் வாஷரை முதல் மாதமே வாங்கத் தேவையில்லை. வேலை வரும்போது வாடகைக்கு எடுங்கள்.

கோடு விழாமல் துடைப்பது எப்படி?

வரிசை முக்கியம். முதலில் கொசுவலை, பிறகு கிரில், பிறகு தடம், கடைசியில்தான் கண்ணாடி. கண்ணாடியை முடித்துவிட்டுக் கிரிலைத் தட்டினால் எல்லாத் தூசியும் ஈரக் கண்ணாடியில் உட்காரும்.

தடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சேறாகிவிடும். உலர்ந்த தூரிகையால் கிளறி, வாக்குவம் வைத்து இழுத்த பிறகே ஈரத் துணி. தடத்தின் வெளிப்பக்க அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வழியும். அந்தத் துளையைக் குத்தித் திறந்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். "ஜன்னல் சரியில்லை, கார்ப்பெண்டரைக் கூப்பிட வேண்டும்" என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் உங்களை மறக்கவே மாட்டார்.

கண்ணாடிக்கு ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். நுரை அதிகமானால் படலம் தங்கும். நன்றாக நனைத்துத் தேய்த்தபின், ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் துணியால் உலர்த்துங்கள். அந்த உலர்ந்த பட்டையில் வைப்பரைத் தொடங்கி மேலிருந்து கீழாக இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துடைத்துவிட்டு, முந்தைய இழுப்பின் மேல் சற்று ஏறும்படி அடுத்ததைத் தொடங்குங்கள். கடைசியில் விளிம்புகளை மட்டும் துணியால் ஒற்றுங்கள். நடுவில் துணி படக்கூடாது.

அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெயில் படும் கண்ணாடியைத் தொடாதீர்கள். நனைத்த நொடியில் சோப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது?

சோப்பை விட, வைப்பரை விட, இந்த ஊரில் உங்கள் வேலையைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் இந்த மேல் எல்லையை எளிதில் தொடும். அந்தத் தண்ணீரில் கழுவிய கண்ணாடி அப்படியே காய்ந்தால், தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். துடைத்த அன்று பளபளக்கும் கண்ணாடி இரண்டு மணி நேரத்தில் வெண்புள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

வைப்பரால் முழுவதும் இழுத்துவிட்டால் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ போதும்; கண்ணாடியில் காய்வதற்கு எதுவும் மிஞ்சாது. போர் தண்ணீர் மட்டுமே கிடைத்தால் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கேனில் எடுத்துப் போங்கள். கீழே நின்றபடி நீண்ட கம்பின் நுனியிலுள்ள தூரிகை வழியே தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, துடைக்காமலே காயவிடும் முறை ஒன்று வெளிநாடுகளில் பரவலாக இருக்கிறது. அதற்கு உப்பு ஏறக்குறைய சுழியமாக, 10 பி.பி.எம்-க்குள் (லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள்) இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர் அந்த அளவுக்கு வராது. அதன்பின் அயனி நீக்கும் ரெசின் வடிகட்டி ஒன்று வேண்டும். நம் போர் தண்ணீரை நேரடியாக ரெசினுக்குள் விட்டால் அது சீக்கிரமே தீர்ந்து செலவு எகிறும். முதல் ஆண்டில் இந்த ஆசை வேண்டாம்.

தண்ணீரைப் பிறர் வீட்டுத் தொட்டியிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதைப் பார்த்த ஊர் இது. எத்தனை வாளி செலவாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

உப்புக்கறையை ஆசிட் போட்டு எடுக்கலாமா?

கழிவறை கழுவும் ஆசிட்டைக் கண்ணாடி வேலைக்குக் கொண்டுபோகவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அலுமினியச் சட்டம் கறுக்கும், எவர்சில்வர் புள்ளி விழும், ஜன்னல் படியில் பதித்த பளிங்கு அரித்துப்போகும். "ஒரே துடைப்பில் கறை போகும்" என்று விற்கும் சில திரவங்களில் ஃப்ளோரைடு அமில வகைகள் இருக்கும். அவை கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் உள்ளே இறங்கிச் சதையைக் கெடுக்கும். லேபிளில் என்ன இருக்கிறது என்று எழுதாத புட்டியை வாங்காதீர்கள்.

வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். துணியில் நனைத்துக் கறைமேல் பத்து நிமிடம் ஒட்ட வைத்து, தேய்த்து, அலசுங்கள். மூலையில் சிறு இடத்தில் இரண்டு மூன்று முறை முயன்றும் அசையவில்லை என்றால் அது கறை அல்ல, கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. பூச்சு வேலையின்போது வழிந்த சிமெண்டுத் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. மாதக்கணக்கில் கண்ணாடியில் கிடந்தால் இப்படித்தான் ஆகும். சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுவது தனி வேலை, தனி விலை. "பார்க்கிறேன்" என்று மழுப்பாமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பிளீச்சிங் பவுடர் கரைசலை எந்த அமிலத்தோடும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. பிளீச்சிங் கரைசலுக்கும் அமிலக் கரைசலுக்கும் ஒரே வாளியைப் பயன்படுத்தாமல் இருப்பதே எளிய வழி. ஒன்றுக்குச் சிவப்பு வாளி, மற்றதற்கு நீலம் என்று பிரித்துவிடுங்கள்.

வெளிச்சுவருக்குப் பிரஷர் வாஷர் போதுமா?

வீட்டு உபயோக இயந்திரங்கள் பொதுவாக 100 முதல் 150 பார் அழுத்தம் வரை போகும். சுற்றுச்சுவர், கார் நிறுத்துமிடத் தரை, பால்கனி, மாடிப்படி ஆகியவற்றுக்கு அது தாராளம். 2 கிலோவாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்; சாதாரண பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் பவர் பிளக்கைக் கேளுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 30 மில்லியாம்பியர் உள்ள ஒன்றை நீட்டிப்புப் பெட்டியோடு இணைத்து நீங்களே எடுத்துப் போங்கள். ஈரத் தரையில் நின்று மின் இயந்திரம் பிடிக்கிறீர்கள்.

பயிற்சி இல்லாதவர் கையில் இது சுவரைச் சுரண்டும் கருவி. தண்ணீர் பீய்ச்சும் முனைகளின் நிறத்தை மனப்பாடம் செய்யுங்கள்: சிவப்பு ஊசி போலப் பாயும், அதை வீடுகளில் தொடவே வேண்டாம், மஞ்சள் 15 பாகை அகலத்துக்கு விரிந்து பாயும், பச்சை 25, வெள்ளை 40. வர்ணம் அடித்த சுவருக்கு வெள்ளை முனை, ஓரடிக்குமேல் தூரம். மொட்டைமாடியில் தட்டோடு பதித்திருந்தால் இணைப்புகளில் அழுத்தம் கொடுக்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து கழன்று வந்தால், அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்போது உங்கள் தொலைபேசி அடிக்கும். ஏசியின் வெளிப்பெட்டி, மீட்டர் பெட்டி, ஜன்னலைச் சுற்றிய சிலிக்கோன் ஆகியவற்றை நோக்கித் திருப்பக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வடக்குப் பார்த்த சுவர்களில் இறங்கும் கறுப்புப் பாசிக்கு அழுத்தம் மருந்தல்ல. நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தெளித்து, பதினைந்து நிமிடம் விட்டு, மெதுவாகக் கழுவினால் பாசி வேரோடு சாகும். செடிகளை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் நனைத்துவிடுங்கள். வெறும் அழுத்தத்தால் எடுத்த பாசி அடுத்த மழைக்கே திரும்பிவிடும்.

நிமிடத்துக்கு 7 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 420 லிட்டர். வாடிக்கையாளரிடம் அதையும் சொல்லுங்கள்.

நான்காவது மாடி வெளிப்பக்கத்தையும் கேட்கிறார்கள். எவ்வளவு உயரம் வரை போகலாம்?

நம் ஊரில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒருவர் சன்ஷேடில் இறங்கி நின்று, ஒரு கையால் கிரிலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைப்பார். கீழே வீட்டுக்காரர் "அந்த மூலை, அந்த மூலை" என்று காட்டிக்கொண்டிருப்பார். சன்ஷேடு மழையைத் தடுக்கக் கட்டியது, ஆள் நிற்க அல்ல. இருபது முப்பது ஆண்டுப் பழைய கட்டடத்தில், அதுவும் கடலோரத்தில், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் காரை உதிர்ந்துகொண்டிருக்கும். மேலே பூசிய வர்ணத்தில் அது தெரியாது.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழுந்தால் முதுகெலும்பும் வயிறும் அடிபடும். ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் பாதுகாப்புக் கவசம் வேண்டும். அதை வாங்கிவிட்டுக் கிரிலில் மாட்டுவார்கள். கிரில் நான்கு திருகாணியில் நிற்கிறது. தண்ணீர்க் குழாயும், ஒற்றைச் செங்கல் கைப்பிடிச் சுவரும் விழும் ஆளைத் தாங்காது. கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்கள் முறைப்படி இரண்டு தனித்தனிக் கயிறுகளை இரண்டு தனித்தனிப் பிடிமானங்களில் கட்டுவார்கள். ஒன்று வேலைக்கு, மற்றது உயிருக்கு. விழுந்து கவசத்தில் தொங்குகிறவரை விரைவாக இறக்கத் தெரிந்த ஆளும் மேலே இருக்க வேண்டும்; அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி அதுவே ஆபத்தாகிவிடும். இது தனிப் பயிற்சி பெற்றவர்களின் தொழில்.

நீங்கள் தரைத்தளத்தையும் முதல் மாடியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏணி எட்டும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரத்துக்கு 3 அடி. கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அதற்குமேல் உள்ள ஜன்னல்களில் உள்ளே இருந்து பாதுகாப்பாக எட்டுவதை மட்டும் செய்யுங்கள். பல ஸ்லைடிங் கதவுகளைத் தூக்கிக் கழற்றி உள்ளே வைத்தே கழுவலாம். ஜன்னல் போட்டுத் தரும் ஒருவரோடு ஒரு நாள் உடன் நின்று இதைக் கற்றுக்கொள்ளுங்கள், பலன் பெரிது. மற்றதைக் கயிறு வேலை செய்யும் நிறுவனத்துக்குக் கைகாட்டிவிடுங்கள். "அவர் போன மாதம் சன்ஷேடில் நின்றே செய்துகொடுத்தாரே" என்று சொல்லும் வாடிக்கையாளரை இழப்பதில் நஷ்டமில்லை.

வந்ததோடு செப்டிக் டேங்கையும், சம்பையும் பார்த்துவிடச் சொல்கிறார்களே?

செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது குற்றம். 2013-ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் தொழில் தடைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இறக்கியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். கழிவுநீர் லாரிக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

குடிநீர்ச் சம்ப் சட்டவிரோதம் அல்ல, ஆனால் அதுவும் மூடிய இடம். நீண்ட நாள் மூடிக்கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கும். தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் மோட்டாரை உள்ளே அல்லது வாய்க்கு அருகில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். மயங்கியவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். காற்று செலுத்தும் கருவியும் வாயு அளக்கும் கருவியும் வாங்கி, முறையாகப் பயிற்சி எடுக்கும் வரை இதையும் தொடாதீர்கள்.

புறா எச்சம்?

அடுக்குமாடிகளில் இப்போது கண்ணாடிக்கு இணையாக இதற்கும் அழைப்பு வருகிறது. காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டக் கூடாது. பறக்கும் தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையும் கிருமியும் இருக்கலாம். நன்றாக நனைத்து ஊறவிட்டு, என்.95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து எடுத்து, பையில் கட்டிக் கொடுங்கள். புறா வலை போடுபவர் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொண்டால் இருவருக்கும் வேலை கிடைக்கும்.

சோலார் தகடுகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்தபின் மாடிகளில் தகடுகள் பெருகியிருக்கின்றன. விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, மென்மையான தூரிகையும் உப்பு குறைந்த தண்ணீரும் போதும். சோப்பு வேண்டாம், அழுத்தம் வேண்டாம், தகட்டின்மேல் கால் வைக்கவே வேண்டாம். விரிசல் விட்ட தகட்டையும் உரிந்த வயரையும் கண்டால் தண்ணீர் ஊற்றாமல் உரிமையாளரைக் கூப்பிடுங்கள்.

விலை எப்படி நிர்ணயிப்பது?

பக்கத்துக் குழு என்ன வாங்குகிறது என்று பார்த்து நூறு ரூபாய் குறைத்துச் சொல்வதுதான் வழக்கம். அந்தக் குழுவே நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். இரண்டு பணியாளர், ஆளுக்கு நாளொன்றுக்கு 900 ரூபாய். மாதம் 26 நாள் சம்பளம் 46,800. பெட்ரோல், தேநீர், துணி, திரவம், கருவித் தேய்மானம், தொலைபேசி எல்லாம் வேலை நாளுக்கு 800. மழை, விடுமுறை, கடைசி நேர ரத்து எல்லாம் கழித்து உண்மையில் 18 நாள்தான் வேலை என்றால் 14,400. உங்கள் சம்பளமாக 30,000 வையுங்கள். மொத்தம் 91,200. அதை 18-ஆல் வகுத்தால் ஒரு நாள் குழுவுக்கு ஏறத்தாழ 5,070 ரூபாய். அரை நாள் வேலை என்றால் 2,500-க்குக் கீழே இறங்க இடமில்லை.

பலர் செய்வது என்ன? இரண்டு சம்பளம் 1,800, செலவு 800, ஆகமொத்தம் 2,600. நாளுக்கு 3,500 வாங்கினால் 900 லாபம் என்று மகிழ்வார்கள். வேலையில்லாத எட்டு நாள் சம்பளமும், உரிமையாளரின் உழைப்பும் அந்தக் கணக்கில் இல்லை.

வீடுகளுக்குச் சதுர அடிக் கணக்கைவிட ஜன்னல் கணக்கு எளிது: கண்ணாடி, கிரில், வலை, தடம் சேர்த்து ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு. புதுக்கட்டடம் என்றால் நேரில் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். வர்ணத் துளியும் பட்டியும் சிமெண்டும் ஒட்டிய கண்ணாடி மூன்று மடங்கு நேரம் எடுக்கும். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிட்டது என்று அவசரப்படுத்துவார்கள். பாதி முன்பணம் வாங்கிக்கொண்டே தொடங்குங்கள்.

எந்தெந்தப் பதிவுகள் தேவை? ஜி.எஸ்.டி. உடனே எடுக்க வேண்டுமா?

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க இது உதவும்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கட்டாயம். சுத்தம் செய்யும் சேவைக்கு 18 சதவீதம். அதற்கு முன்பே விருப்பப்பட்டுப் பதிவு செய்யலாம். ஆனால் வீட்டு வாடிக்கையாளரால் அந்த வரியை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, அவருக்கு அது வெறும் விலையேற்றம். அலுவலகங்கள் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் நாள் வரை பொறுத்திருக்கலாம். நிறுவனங்கள் தனிநபர் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரும்போது, வரம்பைத் தாண்டிய தொகைக்கு 1 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொள்ளும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

கடன் கிடைக்குமா?

முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் வங்கியில் கேட்கலாம்; இந்தத் தொழிலுக்கு அதுவே மிஞ்சும். மானியத்தோடு கூடிய மாநில அரசுத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் தொடங்கும் தொழில்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு.

பணியாளர்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பத்துப் பேரை எட்டினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயம். இரண்டு பேரோடு தொடங்குபவர் அதுவரை சும்மா இருக்கலாம் என்று பொருளல்ல. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு. அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்து கொடுங்கள். இவை ஈடுகட்டும் அளவு சிறிதுதான், ஆகவே தனியார் குழு விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுவது நல்லது.

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே குடிநீரும் கழிப்பறையும் கேளுங்கள். லிஃப்டில் ஏறக்கூடாது, வாசலிலேயே நின்று தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பேச்சை எதிர்கொள்ள வேண்டியது உரிமையாளர், பணியாளர் அல்ல. குழுவில் ஒரு பெண் இருந்தால் பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் தயக்கம் குறைகிறது.

வாடிக்கையாளரை எங்கே தேடுவது? எந்த மாதங்களில்?

முதலில் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர். ஒரு சங்கத்தின் பொது இடக் கண்ணாடியை நன்றாக முடித்துக்கொடுத்தால், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவே உங்கள் விளம்பரம். காவலாளியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், "யாராவது ஆள் தெரியுமா?" என்று முதலில் கேட்கப்படுவது அவர்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரம் கடைகளும் பட்டறைகளும். தீபாவளிக்கும் போகிக்கும் முன் வீடுகள். தை, சித்திரை, வைகாசி, ஆவணியில் கிரகப்பிரவேசங்கள். ஆடியிலும் மார்கழியிலும் அவை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் கடைகளின் மாத ஒப்பந்தம். ஜனவரி, பிப்ரவரியில் பாசி பிடித்த சுவர்கள்.

கண்ணாடி உடைந்தாலோ கீறல் விழுந்தாலோ?

தொடங்கும் முன் ஒவ்வொரு ஜன்னலையும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறலை வாடிக்கையாளரிடம் காட்டி, வேலைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடினமாக்கப்பட்ட கண்ணாடியிலும், பிரதிபலிப்புப் பூச்சு உள்ள கண்ணாடியிலும் கறை சுரண்டப் பிளேடு வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடியிலும் ஈரமாக, ஒரே திசையில்தான் தள்ள வேண்டும். படத்தில் வீட்டின் உட்புறம் தெரிந்தால் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெரிய அலுவலகங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்கும். அந்த ஒப்பந்தங்களில் இறங்கும்போது எடுத்தால் போதும்.

துடைத்த மறுநாளே மழை பெய்துவிட்டால் திரும்பச் செய்து தர வேண்டுமா?

கேட்பார்கள். சுத்தமான கண்ணாடியை மழை மட்டும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. சன்ஷேடிலும் வலையிலும் சட்டத்திலும் தங்கிய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஊற்றும்போதுதான் கோடு விழுகிறது. எனவே எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் முழு வேலைக்கு மட்டும், இரண்டு நாளுக்குள் மழை பெய்தால் வெளிப்பக்கத்தை ஒருமுறை இலவசமாகத் துடைத்துத் தருவதாகப் பில்லிலேயே எழுதிவிடுங்கள். கண்ணாடி மட்டும் போதும் என்று விலை குறைத்தவர்களுக்கு இது கிடையாது என்பதையும் அதற்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.